வாயைத் தினமும் பாருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை இங்கே பல பேருக்கு 'சிஸ்டரம்மா' என்றுதான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தேன். அதில் கடைசி பதினோரு வருஷம் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வார்டில். ஓய்வு பெற்றதும் பிறந்த ஊருக்கே வந்து, உங்களோடு ஒரு குழுவில் சேர்ந்துவிட்டேன். தலைவி அம்மா என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சர்க்கரை, பிரஷர் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க சிஸ்டர். யாரும் சொல்லாததைச் சொல்லுங்க" என்றார். நம் குழுக்களைச் சேர்ந்த இரண்டு வீடுகளில் இந்த மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்திருக்கிறது. அதனால் இதையே எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். இந்த சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரின் வாயைத் தினமும் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். புதுசாக எது தெரிந்தாலும், வீட்டு வைத்தியம் தொடங்குவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். இவ்வளவுதான். இது ஏன், எப்படி என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

இது என்ன சிகிச்சை?

நம் எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜைதான் ரத்தம் ஊறுகிற இடம். அங்கே இருக்கிற மூல செல்களை 'ஸ்டெம் செல்' என்கிறார்கள். ரத்தப் புற்றுநோய், மல்டிபிள் மைலோமா, தலசீமியா, ரத்தமே ஊறாமல் போகிற ஏபிளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களில் இந்த ஊற்று கெட்டுப் போகிறது, அல்லது வற்றிப் போகிறது. அப்போது கடுமையான மருந்து கொடுத்து, சிலருக்கு உடம்பு முழுக்கக் கதிர்வீச்சும் கொடுத்து, பழைய மஜ்ஜையை ஒழித்துவிட்டு, நல்ல ஸ்டெம் செல்களை டிரிப்ஸ் மாதிரி நரம்பு வழியாக ஏற்றுவார்கள். பெயரைக் கேட்டால் பெரிய ஆபரேஷன் மாதிரி இருக்கும். ஆனால் நோயாளிக்குக் கத்தி படுவதில்லை. ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கும்.

நோயாளியின் சொந்த செல்களையே முன்கூட்டி எடுத்து வைத்து ஏற்றுவது ஒரு வகை. அண்ணன், தங்கை என்று இன்னொருவரிடமிருந்து வாங்கி ஏற்றுவது இன்னொரு வகை. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டில் இந்த சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் தொடங்கியது. 1986-இல் நமக்குப் பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில் ஆரம்பித்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அவர்களுடைய ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது, நமக்கு இன்னும் கிட்டே. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் செய்கிறார்கள்.

ஏன் வாய்?

நம் வாய்க்குள்ளே இருக்கிற தோல் சீக்கிரம் சீக்கிரம் உதிர்ந்து புதுசாக வளர்வது. வேகமாக வளர்கிற எதையும் அந்தக் கடுமையான மருந்து தாக்கும். முடி கொட்டுவதும் அதனால்தான், வாய் புண்ணாவதும் அதனால்தான். கூடவே, அந்த நேரத்தில் வெள்ளை அணுக்கள் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருக்கும். வாயிலே எப்போதும் இருக்கிற கிருமி, ஒரு சின்னப் புண் கிடைத்தால் ரத்தத்துக்குள்ளேயே போய்விடும். நமக்கு வாய்ப்புண் என்றால் இரண்டு நாள் தொந்தரவு. அவருக்கு அது உயிர் போகிற வழியாகவும் ஆகலாம்.

முதல் கட்டம்: ஆஸ்பத்திரியில்

கடுமையான மருந்து ஆரம்பித்து ஒரு வாரம் வாக்கில் வாய் சிவக்கும், எரியும், பிறகு புண்ணாகும். சிலருக்கு எச்சில் கூட விழுங்க முடியாது. வலிக்கு மார்ஃபின் கொடுக்க வேண்டிய அளவுக்குப் போகும். பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும். ஆனால் புது செல்கள் பிடித்து வெள்ளை அணுக்கள் ஏற ஆரம்பித்ததும், பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் இந்தப் புண் ஆறிவிடும். கூட இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போகும்.

மெல்ஃபலான் என்று ஒரு மருந்து உண்டு. அது ஏறும்போது ஐஸ் துண்டுகளை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இருந்தால் புண் குறைகிறது. குளிர்ச்சியில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகப் போகும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். "எங்களுக்கு ஐஸ் உண்டா சிஸ்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

இதற்கும் முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. சிகிச்சைக்குத் தேதி குறித்தவுடன் பல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சொத்தைப் பல், ஆடுகிற பல், ஈறில் சீழ் எல்லாவற்றையும் முன்னாலேயே சரிசெய்ய வேண்டும். பல் பிடுங்கினால் அந்தப் பள்ளம் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். "உயிர் போற நேரத்துல பல்லா முக்கியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சொத்தைப் பல்தான் அணுக்கள் இல்லாத நாளில் காய்ச்சலாகக் கிளம்பும்.

இரண்டாம் கட்டம்: வீட்டுக்கு வந்த முதல் மாதங்கள்

டிஸ்சார்ஜ் ஆனதும் நாம் நிம்மதியாகி விடுகிறோம். உண்மையில் காவல் வேலை இனிமேல்தான் நம் கையில் வருகிறது. இந்த நாட்களில் வாயில் முக்கியமாக நான்கைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, தயிர் திட்டு மாதிரி வெள்ளைப் படலம். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் வரும். மெல்லத் துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவந்திருக்கும். இது பூஞ்சை. மருந்து கொடுத்தால் போய்விடும்.

இரண்டு, உதட்டிலும் மேலண்ணத்திலும் ஈறிலும் சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு கொத்தாகப் புண், நல்ல வலி. இது அக்கி வகை வைரஸாக இருக்கலாம். இதற்கும் மருந்து உண்டு. அக்கிக்குச் செம்மண் பூசி எழுதுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இவருக்கு அது கூடவே கூடாது.

மூன்று, ரத்தம். பல் தேய்க்காமலேயே ஈறிலிருந்து கசிவது, கன்னத்தின் உள்ளே கருஞ்சிவப்புப் புள்ளி. தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், குறைந்திருக்கலாம்.

நான்கு, வறட்சி. எச்சில் சுரப்பது குறைந்து நாக்கு ஒட்டிக்கொள்ளும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். அது போனால் சில மாதத்திலேயே பல்லின் அடி ஓரமெல்லாம் சொத்தை பிடிக்கும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், பல் டாக்டர் எழுதித் தருகிற ஃப்ளோரைடு, இனிப்பு மிட்டாய் வேண்டவே வேண்டாம். இவையே வழி.

ருசியும் மாறிப் போகும். "எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு" என்பார்கள். சமைத்தவர் மனசு நொந்து போகாதீர்கள். உங்கள் கைப்பக்குவம் போகவில்லை. அவர் நாக்குத் திரும்ப மாதங்கள் ஆகும்.

மூன்றாம் கட்டம்: வேறொருவரின் செல்கள் வாங்கியவர்களுக்கு

இப்போது அந்த வித்தியாசத்துக்கு வருகிறேன். இன்னொருவரிடமிருந்து வாங்கிய செல்கள், போன இடத்தை 'இது நம்ம வீடு இல்லையே' என்று நினைத்துச் சில சமயம் தாக்கும். மருத்துவர்கள் இதை ஜி.வி.எச்.டி. என்பார்கள். இது தோல், கண், குடல், ஈரல், நுரையீரல் என்று எங்கும் வரலாம். நாள்பட வருகிற வகை, சாதாரணமாக மூன்று மாதத்துக்குப் பிறகு, சில சமயம் ஒன்றிரண்டு வருஷம் கழித்தும் வரும். அது அதிகமாகத் தலைகாட்டுகிற இடங்களில் வாயும் ஒன்று.

எப்படித் தெரியும்? கன்னத்தின் உள்பக்கமும் நாக்கிலும் வெள்ளை வெள்ளையாக, வலை பின்னின மாதிரி கோடுகள். ஜரிகைச் சில்லு ஒட்டின மாதிரி இருக்கும் என்றால் உங்களுக்குப் புரியும். பூஞ்சைத் திட்டு துடைத்தால் வரும், இது துடைத்தாலும் வராது. கூடவே சிவப்பு, புண். நேற்று வரை சாப்பிட்ட காரம் இன்று தாங்காது. பற்பசையே எரியும். சாப்பிட்டதும் மேலண்ணத்தில் சின்ன நீர்க்கொப்புளங்கள் எழும்பி அடங்கும். நாளாக ஆக வாய் திறக்கிற அகலமே குறையலாம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், யாரென்று கேட்காதீர்கள். நம் உறுப்பினர் ஒருத்தி ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் செய்தாள். வீட்டுக்காரர் தறிக்காரர். அவருடைய தம்பி கொடுத்த செல்கள். எட்டாவது மாசம். "அக்கா, இவரு வாயில வெள்ளையா இருக்கு. சூடுதான்னு அத்தை சொல்றாங்க. மணத்தக்காளிக் கீரை குடுக்கலாமா?"

"பஞ்சால மெல்லத் துடைச்சுப் பாரு, வருதா?" என்றேன். "வரலக்கா. கோலம் மாதிரி கோடு கோடா இருக்கு" என்றாள். "எத்தனை நாளா?" அவளுக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்டால், மூன்று வாரமாகவே ரசம் எரிகிறதாம். மோர்ச் சாதத்துக்கு மாறிவிட்டிருக்கிறார். நாலு கிலோ இறங்கியிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் திரும்பவும் ஆஸ்பத்திரி, திரும்பவும் செலவு, இப்போதுதான் தறியில் உட்கார்ந்து ஒரு பாவு ஏற்றியிருக்கிறோம், அது நின்றுபோகுமே என்ற பயம்.

எதுவும் கொடுக்காதே, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கிற நம்பருக்குப் பேசு என்றேன். மறுநாள் காலை பஸ்ஸிலேயே போனார்கள். வாயில் இருந்தது ஜி.வி.எச்.டி.தான். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஈரலிலும் அது ஆரம்பித்திருந்தது. ஈரல் வெளியே தெரியாது. வாய்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. மாத்திரையை மாற்றினார்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்து நீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். மூன்று மாசம் ஆனது. இப்போது ரசம் சாப்பிடுகிறார், தறியிலும் உட்காருகிறார். இன்னும் ஒரு மாசம் சூடு, சூடு என்று கீரை கொடுத்துக்கொண்டு இருந்திருந்தால் ஈரல் எந்த நிலைக்குப் போயிருக்குமோ!

மணத்தக்காளி கெட்டது என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கும் எனக்கும் வருகிற வாய்ப்புண்ணுக்கு அது நல்ல கீரைதான். ஆனால் இவருக்கு வந்திருப்பது வேறு. கீரை கொடுத்துக் காத்திருக்கிற நாட்கள்தான் ஆபத்து. தேன் தடவுவது, மாசிக்காய் உரசுவது, படிகாரம் வைப்பது, நாட்டு மருந்துச் சூரணம், எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அவர் சாப்பிடுகிற மாத்திரைகளோடு ஒத்துப் போகாதவை அதில் இருக்கலாம்.

நெய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஒரு இழை அறுந்தால் உடனே நிறுத்தி முடிச்சுப் போடுகிறீர்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓட்டினால் அந்தக் குறை புடவை முழுக்க ஓடும். வாயிலே தெரிகிற கோடும் அப்படித்தான்.

நான்காம் கட்டம்: வருஷங்கள் கழித்து

ஐந்து வருஷம், பத்து வருஷம் ஆனாலும் இவர்களுக்கு, முக்கியமாக வாயில் ஜி.வி.எச்.டி. இருந்தவர்களுக்கு, வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், கெட்டியான தடிப்பு, சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டு, எதைக் கண்டாலும் காட்ட வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை, ஆயுசு முழுக்க, வாயைப் பரிசோதிக்க வேண்டும்.

நம் ஊர்க் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அண்ணா புற்றுநோயால் மறைந்த 1969-ஆம் வருஷம் தொடங்கியது. வாயில் சந்தேகம் என்றால் வெகுதூரம் போக வேண்டாம், அங்கே காட்டலாம்.

வெற்றிலை பாக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், கோபப்படாதீர்கள். புகையிலை மட்டும்தான் கெடுதல், வெறும் பாக்கு பரவாயில்லை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொல்லிவிட்டது. மஜ்ஜை மாற்றியவருக்குப் பாக்கு, புகையிலை, பீடி, பான் மசாலா, மது எதுவும் ஆகாது. அவர் எதிரில் நாம் மென்றுகொண்டு அவருக்கு மட்டும் புத்தி சொன்னால் எடுபடாது.

தினசரி என்ன செய்வது?

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வையுங்கள். அதில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள். கடையில் விற்கிற, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம்.

பிரஷ் மிக மிருதுவானதாக இருக்கட்டும். வேப்பங்குச்சி, பல்பொடி, சாம்பல், உப்பு வைத்துத் தேய்ப்பது வேண்டாம். பற்பசை எரிந்தால் காரமில்லாத, குழந்தைகள் பசை வாங்குங்கள். பிளேட்லெட் குறைவு, பிரஷ் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் ஈரமான சுத்தமான மெல்லிய துணியால் துடைக்கலாம். பல் செட் போட்டிருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள்.

சாப்பாடு மிருதுவாக, காரம் புளி குறைவாக, ஆறினதாக, வீட்டில் அப்போதே செய்ததாக இருக்கட்டும். குழைந்த சாதம், பருப்பு, நன்றாக வெந்த முட்டை, இட்லி, கஞ்சி. முறுக்கும் அப்பளமும் வாயைக் கீறும். தயிர் எப்போது ஆரம்பிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

கோயில் ஊர்க்காரர்கள் நாம். வரதர் கோயில் இட்லி கிடைத்தால் அவருக்கு ஒரு துண்டு கொடுக்கத் தோன்றும். அதில் மிளகும் சுக்கும் சேர்த்திருப்பார்கள், புண் வாய்க்கு நெருப்பு. தீர்த்தமும், பலர் கை பட்ட பிரசாதமும், கருட சேவைக் கூட்டமும் டாக்டர் சரி என்று சொல்கிற வரை காத்திருக்கட்டும். சாமி கோபித்துக்கொள்ளாது.

பல் டாக்டரிடம் போகும்போது இந்த சிகிச்சை நடந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மஜ்ஜை டாக்டரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது. எலும்புக்கு ஊசி போட்டுக்கொள்கிற மைலோமாக்காரர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பே ஆறாமல் போகலாம்.

உடனே போன் செய்ய வேண்டியவை (இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்)

* காய்ச்சல் 100.4 அல்லது அதற்கு மேல். இதற்கு ராத்திரி, பகல் பார்க்காதீர்கள்
* தண்ணீரோ மாத்திரையோ விழுங்க முடியவில்லை
* வாயில் ரத்தம் நிற்கவில்லை
* புதுசாக வெள்ளைத் திட்டு, கோடு, கொப்புளம், புண்
* நேற்று வரை சாப்பிட்டது இன்று எரிகிறது
* வாய் முன்போல் திறக்கவில்லை
* எடை இறங்குகிறது

குழு என்ன செய்யலாம்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்கள் கார்டு எடுக்கலாம். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலையாமல், கார்டு இல்லாத உறுப்பினர்கள் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

ஆனால் காப்பீடு பார்க்காத செலவும் உண்டு. பஸ் காசு, தங்குகிற இடம், கூடப் போகிறவரின் கூலி. அந்தத் தறிக்காரர் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். ஆகவே பொதுக்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இப்படி ஒரு வீடு இருந்தால், மறு பரிசோதனைக்குப் போகிற செலவுக்கு அந்தந்தக் குழுவே உடனே உள்கடன் கொடுக்கட்டும். தவணைக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வேலைக்கு நம் குழுக்களிலிருந்து போயிருக்கிற தன்னார்வலர்கள் தெருவில் வரும்போது, "வாயைப் பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

மஜ்ஜை மாற்றியவரின் வீட்டில் டார்ச் விளக்கைப் பிடிக்கிறவள் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒரு பெண்தான். அவள் பார்த்ததைச் சொன்னால் டாக்டர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். "எனக்கு என்ன தெரியும், நான் படிக்கலையே" என்று தயங்க வேண்டாம். எந்தத் தேதியில் என்ன தெரிந்தது என்று பிள்ளையை விட்டு நோட்டில் எழுதி வைத்துக் கொண்டுபோங்கள். நம் குழுக் கணக்கை எழுதுகிற கைகளுக்கு அது ஒரு கஷ்டமா?

சந்தேகம் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்ளலாம், சாப்பாடு வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.